பழவேற்காட்டில் ஒல்லாந்தர்: பயணம், கல்வி, குடிமை வாழ்வு

தமிழகமும் ஆந்திரமும் கூடும் கடலோர எல்லையில் பரந்து கிடப்பது பழவேற்காட்டு ஏரி. இந்தியாவின் உவர்நீர்க் காயல்களுள் சிலிகா ஏரிக்கு அடுத்த பரப்புடையது அது. சென்னையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை மீஞ்சூர், அனுப்பம்பட்டு ஆகிய ஊர்களைக் கடந்து பொன்னேரியை அடைகின்றது. பொன்னேரியிலிருந்து கிழக்கே பிரியும் சாலை ஏரிக்கரைக் குப்பங்களில் சென்று முடிகின்றது. அக்குப்பங்களுள் ஒன்றன் பெயர் கோட்டைக்குப்பம். கோட்டை அழிந்து இருநூறு ஆண்டுகள் கழிந்தும், அதன் நினைவை மீனவர் ஊர்ப்பெயர் காத்து வருகின்றது. அக்கோட்டையைக் கட்டியவர் ஒல்லாந்தர் எனவும் டச்சுக்காரர் எனவும் வழங்கப்பெறும் நெதர்லாந்து நாட்டினர்.

பழவேற்காட்டு ஒல்லாந்தரின் வரலாறு பெரும்பாலும் கோட்டை, துணி வாணிகம், போர் என்னும் மூன்றன் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்வரலாறு வேண்டுவதே. எனினும், அந்நாட்டினர் கடல் கடந்து வந்தது கொள்முதல் செய்வதற்கு மட்டும் அன்று. தம் கல்விமுறையையும் நகரவாழ்வின் அமைப்புகளையும் உடன் கொணர்ந்தனர். அவ்வமைப்புகள் இக்கரையில் யாரைத் தம் எல்லைக்குள் கொண்டன, யாரை வெளியே நிறுத்தின என்னும் வினாவை எழுப்பி, கிடைக்கும் சான்றுகளைக் கொண்டு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சிறிய நாடு

பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இசுபானிய அரசை எதிர்த்தெழுந்த வடபுல மாநிலங்கள் 1579ஆம் ஆண்டில் உத்ரெக்ட் நகரில் கூடி உடன்படிக்கை செய்துகொண்டன. அங்ஙனம் இணைந்து உருவான ஏழு மாநிலக் கூட்டாட்சியின் உரிமையை இசுபானியா 1648ஆம் ஆண்டில்தான் முறையாக ஏற்றது. ஏழனுள் செல்வம் மிக்கது ஒல்லாந்து. ஆதலின் அம்மாநிலத்தின் பெயரே நாடு முழுமைக்கும் வெளியுலகில் வழங்கலாயிற்று.

அந்நிலத்தின் கணிசமான பகுதி கடல்மட்டத்தினும் தாழ்ந்தது. கரைகளை உயர்த்தியும், வாய்க்கால்களை வெட்டியும், காற்றாலைகளால் நீரை இறைத்துமே அங்கு மக்கள் வாழ இயன்றது. இப்பணியைத் தனியொருவர் செய்தல் இயலாது. ஆகவே பதின்மூன்றாம் நூற்றாண்டு முதலே நீர்க்காவல் மன்றங்கள் அந்நாட்டில் இயங்கின. கரையின் எப்பகுதியைக் காக்கும் கடமை எவருடையது, அதற்குரிய வரி யாது, கடமை தவறினார்க்குத் தண்டம் யாது என்பவற்றை அம்மன்றங்கள் வரையறுத்தன. அந்நாட்டார் கூடி ஆளும் பழக்கத்தைக் கற்ற இடங்களுள் நீர்க்கரையும் ஒன்று.

நகரங்களில் இப்பழக்கம் வேறு வடிவம் பெற்றது. நகரமன்றம், திருச்சபை மன்றம், ஏழையர் காப்பகம் ஆகியவற்றோடு, தந்தை தாயரை இழந்த சிறாரின் உடைமையைக் காக்கும் அநாதையர் மன்றமும் அங்கு இருந்தது. 1575ஆம் ஆண்டில் லெய்டன் நகரில் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. 1602ஆம் ஆண்டில், தனித்தனியே கப்பல் விடுத்து வந்த வணிகக் கூட்டங்கள் ஒன்றாக்கப்பட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றியது. பதினேழு இயக்குநர் கொண்ட அவை அதனை நடத்தியது. போர் தொடுக்கவும், உடன்படிக்கை செய்யவும், கோட்டை கட்டவும் அதற்கு அதிகாரம் வழங்கப்பட்டது.

2. பயணமும் கோட்டையும்

ஒல்லாந்தர் தேடி வந்தவை சாதிக்காய், கிராம்பு முதலிய நறும்பொருள்கள். அவை விளைந்த மொலுக்காத் தீவுகளிலும் பாண்டாத் தீவுகளிலும் மக்கள் விரும்பியவை சோழமண்டலக் கரையின் துணிகள். ஆகவே, துணியைப் பெறாமல் நறும்பொருளைப் பெறுதல் அரிதாயிற்று. 1605, 1606ஆம் ஆண்டுகளில் மசூலிப்பட்டினத்திலும் நிசாம்பட்டினத்திலும் பண்டகசாலை அமைத்த ஒல்லாந்தர், 1610ஆம் ஆண்டில் விசயநகர வேந்தர் இரண்டாம் வேங்கடரிடம் இசைவு பெற்றுப் பழவேற்காட்டில் குடியேறினர். சாந்தோமில் இருந்த போர்த்துகீசியர் இதனைப் பொறாராய் 1612ஆம் ஆண்டில் அப்பண்டகசாலையைத் தாக்கி அழித்தனர். மறு ஆண்டில் கோட்டை எழுந்தது. அதனைத் தலைமையேற்றுக் கட்டிய வெம்மர் வான் பெர்கெம் கெல்டர்லாந்து மாநிலத்தவர். ஆதலின் அதற்குக் கெல்டிரியா எனப் பெயரிடப்பட்டது.

1611ஆம் ஆண்டில் இங்கு வாணிகம் செய்ய முயன்ற ஆங்கிலேயரை ஒல்லாந்தர் இடங்கொடாது திருப்பினர். பின்னர் இரு நாட்டாரிடையே ஏற்பட்ட உடன்பாட்டினால் 1621ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இடம்பெற்றனராயினும், 1623ஆம் ஆண்டில் வெளியேறினர். அவர்கள் தெற்கே தமக்கென ஓர் இடம் நாடி 1639ஆம் ஆண்டில் சென்னையைப் பெற்றமைக்குப் பழவேற்காட்டில் கதவு அடைபட்டமையும் ஒரு காரணமாம்.

நெதர்லாந்திலிருந்து புறப்பட்ட கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, சாவகத் தீவிலுள்ள பத்தாவியாவை அடைய ஏழெட்டுத் திங்கள் ஆகும். 1619ஆம் ஆண்டு முதல் பத்தாவியாவே கம்பெனியின் கீழைத் தலைமையிடமாக இருந்தது. பழவேற்காட்டுத் துணி பத்தாவியாவிற்குச் சென்று அங்கிருந்து தீவுகள்தோறும் பரவியது. மலாய் மொழியில் கட்டம்போட்ட கைலியை இன்றும் 'காயின் பெலெக்காட்' என்பர். அப்பெயர் பழவேற்காட்டின் திரிபே. துணியை நெய்தவர் உள்நாட்டூர் நெசவாளர். அவர்க்கு முன்பணம் அளித்துத் துணி பெற்றுத் தந்தவர் செட்டி வணிகர். அவ்வணிகருள் மலையா எனக் கம்பெனி ஆவணங்கள் குறிக்கும் அச்சுதப்ப செட்டியும், 1634ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின் அவர் தம்பி சின்னண்ண செட்டியும் பெருஞ்செல்வாக்குடன் விளங்கினர். நாணயச்சாலையும் வெடிமருந்துச் சாலையும் இங்கு இயங்கின. இங்குச் செய்த வெடிமருந்து கம்பெனியின் பிற கோட்டைகளுக்கும் அனுப்பப்பட்டது.

3. கல்வி

கோட்டையில் வாழ்ந்த கிறித்தவர்க்குச் சமயப்பணி ஆற்றக் கம்பெனி குருமாரை அனுப்பியது. அவர்களைப் பயிற்றுதற்கென 1622ஆம் ஆண்டில் லெய்டனில் அந்தோனியுசு வலேயுசு என்னும் பேராசிரியரின் பொறுப்பில் ஒரு குருமடம் தொடங்கப்பெற்றது. ஏறத்தாழப் பத்தாண்டே நடைபெற்ற அம்மடத்தில் பயின்றவருள் ஒருவர் ஆபிரகாம் ரொகேரியுசு. அவர் 1632 முதல் 1642 வரை பழவேற்காட்டில் குருவாக இருந்தார். பின்னர்ப் பத்தாவியாவில் ஐந்தாண்டு பணியாற்றி, நாடு திரும்பி, 1649ஆம் ஆண்டில் கௌடா நகரில் மறைந்தார். அவர் எழுதிவைத்த நூல் 1651ஆம் ஆண்டில் லெய்டனில் அச்சேறியது. 'மறைந்துள்ள புறச்சமயத்திற்குத் திறந்த கதவு' என்பது அந்நூற்பெயரின் பொருள்.

நூல் இரு பகுதிகளை உடையது. முதற்பகுதி சோழமண்டலக் கரையில் வாழ்ந்த அந்தணரின் வாழ்க்கையையும் ஒழுக்கத்தையும் உரைப்பது. இரண்டாம் பகுதி அவர்தம் சமயக் கொள்கையையும் வழிபாட்டையும் உரைப்பது. புறச்சமயத்தாரைத் தம் சமயத்திற்குத் திருப்பும் கருத்துடன் அனுப்பப்பெற்ற ஒருவர், அவர்தம் கொள்கையை அவர் வாய்மொழியாகவே கேட்டு எழுதினார். நூலின் பெருமைக்கு இதுவே அடிப்படை எனக் கருதுகின்றோம். நூலிறுதியில் பர்த்ருஹரியின் நீதி சதகமும் வைராக்கிய சதகமும் ஒல்லாந்து மொழியில் தரப்பட்டுள்ளன. ஐரோப்பிய மொழியொன்றில் பெயர்க்கப்பட்டு அச்சேறிய முதல் வடமொழி இலக்கியம் இதுவே. நூல் 1663ஆம் ஆண்டில் செருமன் மொழியிலும் 1670ஆம் ஆண்டில் பிரெஞ்சு மொழியிலும் வெளிவந்தது. அடுத்த நூற்றாண்டில் செருமானிய அறிஞர் எர்தர் இந்தியச் சிந்தனையை அறிந்த வாயில்களுள் இதுவும் ஒன்று.

இந்நூல் தோன்றிய முறை ஆராய்ச்சியாளர் கருதத்தக்கது. ரொகேரியுசு வடமொழி அறியாதவர். அவர்க்குப் பொருள் விளக்கியவர் ஒல்லாந்தரின் பாதுகாப்பை நாடிப் பழவேற்காட்டில் தங்கியிருந்த பத்மநாபன் என்னும் அந்தணர். இருவர்க்கும் பொதுவாக அமைந்த மொழி போர்த்துகீசியம். கடற்கரைப் பட்டினங்களில் வணிகரும் துபாசிகளும் வழங்கிய மொழி அது. ஆகவே வடமொழிப் பாடல் முதலில் போர்த்துகீசியப் பேச்சாகி, அதன்பின் ஒல்லாந்து உரைநடையாயிற்று. ஒல்லாந்தரும் போர்த்துகீசியரும் பகைவராய் நின்ற கரையில், பகைவர் மொழியே கல்விக்குப் பாலமாயிற்று.

ரொகேரியுசின் பெயர் நூன்முகப்பில் நின்றது; பத்மநாபன் பெயரும் நூலினுள் மறைக்கப்படாமல் இடம்பெற்றது. அக்காலத்து ஐரோப்பியர் நூல்கள் பலவற்றில் செய்தி தந்த உள்நாட்டார் பெயரின்றி ஒழிந்தமையை நோக்க, இது குறிப்பிடத்தக்கது. ஆயினும், ஒரே வகுப்பாரின் வாயிலாகப் பெற்ற அறிவு அவ்வகுப்பாரின் நோக்கினையே சமய முழுமைக்கும் அளவுகோலாக்கும் என்பதையும் மறத்தற்கில்லை. ஏரிக்கரை மீனவரின் வழிபாட்டை அவர்தம் வாய்மொழியாகவே கேட்டு எழுதிய நூலொன்று அன்று எழுந்திருப்பின், ஐரோப்பா அறிந்த இந்தியச் சமயத்தின் தோற்றமே வேறாயிருத்தல் கூடும்.

பின்வந்த ஒல்லாந்தருள் பிலிப்பு பல்தேயு 1672ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் தமிழ் எழுத்தையும் மொழியையும் பற்றிய பகுதி உண்டு. 1693ஆம் ஆண்டில் தானியேல் ஆவார்ட் சோழமண்டலக் கரையில் கம்பெனியின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் எழுதினார். ஈழத்தில் ஒல்லாந்தராட்சி நிலைத்தமையால் 'கந்தோர்' முதலிய சொற்கள் அங்குத் தமிழில் புகுந்தன. அலுவலகத்தைக் குறிக்கும் ஒல்லாந்துச் சொல்லின் தமிழ்வடிவம் அது.

4. குடிமை வாழ்வு

பழவேற்காடு 1690ஆம் ஆண்டு வரை சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் தலைமையிடமாக விளங்கியது. ஆளுநரும் அவர்தம் அவையும் அங்கு இருந்தனர். வழிபாடு, திருமணப்பதிவு, திருமுழுக்கு, நோயாளரைத் தேற்றுதல் ஆகியன முறையாக நடைபெற்றன. இறந்தோர்க்குரிய கல்லறைத் தோட்டம் இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதன் வாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. கற்பலகைகளில் குடும்பச் சின்னங்களும் ஒல்லாந்து மொழிக் கல்வெட்டுகளும் காணப்படுகின்றன. இறந்தாரின் பெயர், பதவி, நாள் ஆகியன பொறிக்கப்பட்டுள்ளன. 1897ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் ரீ என்பார் வெளியிட்ட நூலில் சென்னை மாகாணத்து ஒல்லாந்தர் நினைவுச்சின்னங்கள் ஆராயப்பெற்றுள்ளன.

பெயரைக் கல்லில் பொறித்துக் காப்பது குடிமை வாழ்வின் ஓர் அடையாளம். அக்கல்லறைகளில் பெயர் பெறாதார் பலர் இதே கரையிலிருந்து கப்பலேறினர், அவர்கள் அடிமைகள்.

1621ஆம் ஆண்டில் கம்பெனியார் பாண்டாத் தீவுகளைக் கைப்பற்றியபோது அத்தீவினருள் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். எஞ்சினோருள் பலர் நாடுகடத்தப்பட்டனர். மக்களற்ற சாதிக்காய்த் தோட்டங்களில் வேலை செய்ய ஆட்கள் வேண்டப்பட்டனர். சோழமண்டலக் கரையில் போரும் பஞ்சமும் நேர்ந்தபோதெல்லாம் பசியால் தம்மையும் தம் மக்களையும் விற்ற ஏழையரைக் கம்பெனியார் தரகர் வாயிலாக வாங்கிப் பழவேற்காடு முதலிய துறைகளிலிருந்து பத்தாவியாவிற்கு ஏற்றினர். 1620ஆம் ஆண்டையொட்டியும் 1640ஆம் ஆண்டுகளின் இடைப்பகுதியிலும் இவ்வாணிகம் மிகுந்தது. ரொகேரியுசு பழவேற்காட்டை விட்டுச் சென்ற சில ஆண்டுகளுக்குள் நேர்ந்த பஞ்சம் பிந்தியதற்குக் காரணமாயிற்று.

1644ஆம் ஆண்டு ஆம்சுடர்டாம் நகரச் சட்டம், அந்நகர எல்லைக்குள் எல்லாரும் உரிமையுடையோர், அடிமை எவரும் இல்லை என வரையறுத்தது. கம்பெனியின் கிளைகளுள் பெரியது அந்நகரில் இருந்தது. நகர எல்லைக்குள் அடிமை இல்லை என்ற வணிகரே, கடலுக்கு அப்பால் அடிமைகளைக் கணக்கேட்டில் சரக்காகப் பதிந்தனர். 1642ஆம் ஆண்டில் தொகுக்கப்பெற்ற பத்தாவியாச் சட்டங்கள் அடிமையர்க்கெனத் தனி விதிகளை வகுத்தன. சட்டத்தின் துணைகொண்டே இவ்வேறுபாடு நிலைநிறுத்தப்பட்டது.

பெயரற்றவருள் ஒருவரின் பெயர் சான்றுகளில் எஞ்சியுள்ளது. பழவேற்காட்டில் பிறந்து பத்தாவியாவிற்குக் கொண்டுசெல்லப்பட்ட அடிமைப்பெண் ஒருத்தியை ஆவணங்கள் 'பழவேற்காட்டுப் பெரிய கத்ரைன்' எனக் குறிக்கின்றன. தன்னைத் தாக்கிய காதலனைக் கொன்றாள் என்னும் குற்றத்திற்காக 1656ஆம் ஆண்டில் பத்தாவியா மன்றம் அவளுக்கு விதித்த மரண தண்டனை நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. 1657ஆம் ஆண்டில் அவள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்த கம்பெனிக் குடியிருப்பிற்கு அனுப்பப்பட்டாள். அங்குத் தளபதியின் இல்லத்தில் துணி வெளுக்கும் வேலை செய்தாள். போர்வீரன் ஒருவன் வாயிலாக அவள் பெற்ற மகன் கிறிசுதோபல் 1669ஆம் ஆண்டில் திருமுழுக்குப் பெற்றான். பின்னர் உரிமையடைந்த அவள், 1671ஆம் ஆண்டில் வங்காளத்திலிருந்து வந்து உரிமை பெற்றிருந்த அந்தோனி என்பானை மணந்தாள். தென்னாப்பிரிக்காவில் பல்கிப் பெருகிய சுனைமன் குடியின் மூதாதை அவள் மகனே.

இப்பெண்ணின் தமிழ்ப்பெயர் நமக்குக் கிடைத்திலது. கத்ரைன் என்பது எசமானர் இட்ட பெயர். பழவேற்காடு என்பதொன்றே அவள் தன் நாட்டிலிருந்து கொண்டுசென்ற சொல். அவளைப் பற்றி நாம் அறிவனவெல்லாம் குற்றவியல் தீர்ப்பு, திருமுழுக்குப் பதிவு, திருமணப் பதிவு ஆகியவற்றால் அறிந்தனவே. குடிமை அமைப்புகள் அவளைத் தண்டித்தற்குப் பதிந்தன. பின்னர்த் தம்முள் ஒருத்தியாகவும் பதிந்தன. ஒரே அமைப்பின் இருமுகத்தையும் அவள் வாழ்க்கை காட்டுகின்றது.

5. ஏரியின் முறை

நீரைக் கூடி ஆளும் முறை நெதர்லாந்திற்கே உரியதன்று. பழவேற்காட்டு ஏரியில் மீனவர் வழங்கும் 'பாடு' என்னும் முறை அறிஞர் பலரால் ஆராயப்பட்டுள்ளது. ஏரியில் இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் பாடு எனப்படும். அவ்விடங்களில் எந்நாளில் எவர் வலையிடுவது என்பதைக் குப்பத்துப் பெரியோர் கூடிச் சீட்டுக் குலுக்கியும் முறைவைத்தும் வரையறுப்பர். நல்ல இடம் ஒருவர்க்கே நிலையாகக் கிடைத்தலையும், வலிமையுடையார் வளத்தைக் கவர்தலையும் இம்முறை தடுக்கின்றது.

நீர்க்காவல் மன்றங்களின் நாட்டிலிருந்து வந்தவர்கள் இருநூறு ஆண்டுகள் இவ்வேரியின் கரையில் வாழ்ந்தனர். நீரே தம் குடிமையின் ஆசிரியனாக அமைந்த மக்களிருவர் ஒரே கரையில் கூடினர் எனலாம். எனினும், அறிவுத் தொடர்பு அந்தணர் கொள்கையோடும், பொருள் தொடர்பு செட்டியாரின் கணக்கேட்டோடும் நின்றது. ரொகேரியுசு திறந்த கதவு குப்பங்களின் பக்கம் திறக்கவில்லை.

பாடுமுறையைக் குறையற்ற பொதுவுடைமையாகப் போற்றுதலும் பொருந்தாது. அவ்வுரிமை குறித்த சில குப்பங்களைச் சேர்ந்த பட்டினவர் சமூகத்து ஆடவர்க்கே மரபாக உரியது. பிற சமூகத்தாரும், கையால் இறால் தேடும் மகளிரும் அதன் வட்டத்திற்குப் புறத்தே நின்றனர். இது காரணமாக அண்மைக் காலத்தில் பூசல்களும் எழுந்துள்ளன. உள்ளிருப்பார்க்கு நீதியும் புறத்திருப்பார்க்கு மறுப்பும் ஒருசேர நிலவுதல் ஆம்சுடர்டாமிற்கு மட்டும் உரிய குறையன்று. ஆனால், பாட்டுரிமை பெறாதவரை ஏரி விற்கவில்லை, கம்பெனி விற்றது. இவ்வேறுபாட்டை மறைத்து இரண்டையும் ஒப்பிடல் தகாது.

6. முடிவுரை

1690ஆம் ஆண்டில் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறியது. 1781ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் நாகையைக் கைப்பற்றவே பழவேற்காடு மீண்டும் தலைமை பெற்றது. 1795ஆம் ஆண்டில் அதுவும் ஆங்கிலேயர் கைப்பட்டது. 1799ஆம் ஆண்டு இறுதியோடு கம்பெனியின் வாழ்வு முடிந்தது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டை இடிக்கப்பட்டது. 1818ஆம் ஆண்டில் ஊர் ஒல்லாந்தரிடம் திரும்பியதாயினும், 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி மறு ஆண்டில் ஆங்கிலேயர்க்கு முற்றும் உரியதாயிற்று.

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படும். ஒல்லாந்தரின் பயணம் துணியையும் நூலையும் மட்டுமன்றி மக்களையும் இக்கரையிலிருந்து கொண்டுசென்றது. அவர்தம் கல்வி, உள்நாட்டறிஞர் ஒருவரின் துணையால் பெருநூலொன்றை ஈன்றது. அத்துணையின் எல்லையே அக்கல்விக்கும் எல்லையாயிற்று. அவர்தம் குடிமை வாழ்வு பதிவுகளைப் பேணியது. அப்பதிவுகளே இன்று அவ்வாழ்வின் கொடுமையையும் நமக்கு உணர்த்தும் சான்றுகளாக நிற்கின்றன.

கம்பெனியின் ஆவணங்கள் தி ஏக் நகரத்திலும் சாவகத்திலும் கேப்டவுனிலும் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் உள்ளன. 2003ஆம் ஆண்டில் அவை யுனெசுகோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. அவற்றைப் பயன்படுத்திச் சோழமண்டல வாணிகத்தை ஆராய்ந்தோர் உளர். தபன் ராய்சௌத்ரி 1962ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலும் சின்னப்பா அரசரத்தினத்தின் ஆய்வுகளும் இத்துறையில் வழிகாட்டுவன. ஆனால், ஒல்லாந்து எழுத்தர் செவிக்கெட்டியவாறு எழுதிவைத்த தமிழ் இயற்பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் மீட்டறியும் பணி தமிழ்மொழிப் பயிற்சி உடையார்க்கே இயல்வது. பழவேற்காடு 'பலியாகட்டா' என எழுதப்பட்டதை அறிந்து படிப்பவர், சிதைந்த பிற பெயர்களினின்றும் உண்மை வடிவை உய்த்துணர்தல் கூடும். தமிழ்த் துறைகளில் பயில்வோருள் சிலரேனும் பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்து மொழியையும் அதன் கையெழுத்தையும் கற்று, அடிமைக் கப்பல் பட்டியல்களையும் திருமுழுக்குப் பதிவுகளையும் ஆராய முற்படுதல் வேண்டும். வணிகர், குருமார், ஆளுநர் ஆகியோர் பெயர்கள் கல்லிலும் நூலிலும் முன்னரே நிலைபெற்றுள்ளன. பட்டியல்களில் சிதைந்து கிடக்கும் பெயர்களையும் அவற்றோடு சேர்த்தெழுதிய பின்னரே பழவேற்காட்டின் வரலாறு முழுமை பெறும்.